பழகிய கைகள்

சுவரிலிருந்து நீண்டிருந்த கைகளில் ஒன்று நசீமாவின் கன்னத்தைக் கிள்ளியது. கிள்ளிய விரல்களைக் குவித்துக்கொண்டு, முத்தமிட வாயைத் தேடுவதுபோல் பின்னால் போய், வாய் இல்லாததால் காற்றில் அப்படியே நின்றது.

"யா அல்லாஹ்!" நசீமா துள்ளிப் பின்வாங்கினாள். "சொல்லிட்டுச் செய்யக் கூடாதா தாட்சா? யாரு இது?"

"தெரியாது. யாருக்கோ அத்தையா இருந்திருப்பாங்க" என்றாள் தாட்சாயணி, ஏணியின் மேலிருந்து. "கன்னத்தைப் பக்கத்துல கொண்டுபோனா கிள்ளும். வேற எதைக் கொடுத்தாலும் பேசாம இருக்கும்."

"அப்ப இது?"

"அதுகிட்ட போனைக் கொடுத்துடாதே. திரும்பி வராது. அதுக்கு மேல இருக்கு பாரு, அது அறையும். அதனாலதான் அவ்ளோ உசரத்துல வெச்சேன்."

ராயபுரத்தில் மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை வாங்கி, வெள்ளையடித்து, ஓவியக் கூடம் ஆக்கியவள் நசீமா. மறுநாள் மாலை அங்கே தாட்சாயணியின் கண்காட்சி. நாளிதழ்களில் வந்துவிட்டது. ஒரு மந்திரிகூட வருவதாகச் சொல்லியிருந்தார். கண்காட்சி என்றால் ஒரே ஒரு சுவர்தான். அதில் வரிசை வரிசையாகக் கைகள், இருநூறுக்கும் மேல். ஒவ்வொரு வரிசைக்குக் கீழும் ஒரு மரப்பலகை. பார்க்க வருபவர்கள் ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுக்கலாம். அந்தக் கைக்குத் தெரிந்த பொருளாக இருந்தால் அது வேலை செய்யத் தொடங்கும்.

நசீமா ஒரு வெற்றிலையை எடுத்துத் தன் எதிரே இருந்த கையில் வைத்தாள். அது காம்பைக் கிள்ளி எறிந்தது. இலையைப் புரட்டி, இல்லாத வேட்டியில் இருபுறமும் துடைத்தது. பிறகு ஆள்காட்டி விரல் சுண்ணாம்பைத் தேடிப் பலகையைத் தடவ ஆரம்பித்தது.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை" என்றாள் நசீமா, குரலைத் தாழ்த்தி. "இதெல்லாம் துணைக்கைதானே? பக்கவாதம் வந்தவங்க, நடுக்கம் இருக்கறவங்க மாட்டிக்கறது. உள்ள ஆள் இருந்து விரலை லேசா அசைச்சாத்தானே அது மீதியை முடிச்சுக் கொடுக்கும்? இங்க ஆளே இல்லையே!"

"மணல் இருக்கு. மணலுக்குள்ள வெந்நீர்க் குழாய் ஓடுது. உடம்புச் சூடு வந்ததும் ஆள் இருக்கார்னு அது நம்பிடுது. ரொம்பப் பலவீனமா இருக்கார், விரலைக்கூட அசைக்க முடியலை, எல்லாத்தையும் நாமே செஞ்சு கொடுத்துடணும்னு நெனச்சுக்குது."

"பாவம்."

"மெஷினுக்கு என்ன பாவம்?"

"மெஷினைச் சொல்லலை" என்றாள் நசீமா.

துணைக்கையோடு யாரையும் எரிக்க முடியாது. சூளைக்குள் அதன் பேட்டரி வெடிக்கும். ஆகவே உடலை வைக்க ஐஸ் பெட்டி கொண்டுவரும் ஆட்களே அதைக் கழற்றிவிடுவார்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அது யாருக்கும் நினைவிருக்காது. சாக்கில் விழும். சாக்கு நிறைந்ததும் புதுப்பேட்டைக்குப் போகும். அங்கே உள்ளிருக்கும் செம்புக்காக எடை போட்டு விற்பார்கள். தாட்சாயணி அங்கேதான் வாங்கினாள். வாங்கி வந்த ஒவ்வொரு கைக்கும் மணலை நிரப்பிச் சூடேற்றி, ஒரு தாம்பாளத்தை முன்னால் வைப்பாள். சீப்பு, கரண்டி, சாக்பீஸ், திருநீறு, ஊசி நூல், வெற்றிலை, போன். எதற்கு அசைகிறதோ அதுதான் அந்தக் கையின் பெயர். எதற்கும் அசையாவிட்டால் தன் கையைக் கொடுத்துப் பார்ப்பாள். பெரும்பாலான கைகள் அதற்கு அசைந்தன.

இவை யாருடைய கைகள் என்று பேட்டி எடுக்க வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் தெரியாது என்றே சொல்லியிருந்தாள். அதில் ஒரே ஒரு பொய் இருந்தது.

கடைசி வரிசையின் ஓரத்தில், மஞ்சள் கறை ஏறிய மெல்லிய கை ஒன்று இருந்தது. அது அவளுடைய அம்மா சொர்ணத்தின் கை.

சொர்ணத்துக்கு முடக்குவாதம். விரல்கள் மடங்காமல் போய், கடைசிப் பத்து வருடங்களுக்கு மேல் துணைக்கையோடுதான் இருந்தாள். அவள் இறந்ததைத் தம்பி கந்தன் சொல்லி அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூலம் தெரிந்து பெரம்பூருக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். தாட்சாயணி ஐஸ் பெட்டிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் சொன்ன கடைக்குப் போனாள். ஒற்றைக் கையை விற்க முடியாது, சாக்கோடு எடுத்தால் எடு என்றார் கடைக்காரர். எடுத்தாள். ஊரே புதுமை என்று கொண்டாடும் சுவர் அப்படி ஆரம்பித்ததுதான்.

அம்மாவின் கை சீப்புக்கு அசைந்தது. தாட்சாயணி கூந்தலை அவிழ்த்துவிட்டு அதன் முன்னால் முதுகைக் காட்டி உட்காருவாள். அது சிக்கெடுத்து வாரும். அவளுக்கு அது போதுமாயிருந்தது. வேறு எதையும் அந்தக் கையிடம் கொடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கந்தன் ஏன் சொல்லி அனுப்பவில்லை என்பதற்கு ஒரு மத்தியானம்தான் காரணம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய மத்தியானம்.

அப்பா ஏகாம்பரநாதன் ரயில் ஓட்டியவர். பக்கவாதம் அவரைக் கட்டிலில் போட்டது. பேச்சு போனது. வலது கையில் மட்டும் துணைக்கையின் தயவில் கொஞ்சம் அசைவு இருந்தது. வலிக்கும் தூக்கத்துக்குமாகச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அன்று தாட்சாயணிதான் அவருடன் இருந்தாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் அம்மா வந்து எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை. கந்தன் கட்டிலோரம் இருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மருந்து இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே வெகுதூரம் இறங்கியிருந்தது.

"எத்தனை தடவை கொடுத்தே?" என்று கேட்டான். அவளுக்கு ஒரு தடவை என்றுதான் நினைவு. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்த தலை அது. இரண்டாகவும் இருக்கலாமோ? அந்த ஒரு கணத் தயக்கத்தைத் தம்பி பார்த்துவிட்டான். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

அப்பாவைக் கொன்றது நான்தானா? ஒன்பது வருடமாகத் தாட்சாயணி தினமும் இந்தக் கேள்வியோடுதான் எழுந்தாள்.

"மேடம், இந்தத் தலகாணிய எல்லாம் எங்க போட?" என்று கேட்டார் ஜோதிபாசு. கைகளை லாரியில் ஏற்றி வந்தவர். வழியில் அடிபடாமலிருக்க நடுநடுவே செருகியிருந்த குட்டித் தலையணைகளை உருவிக்கொண்டிருந்தார். மார்போடு அணைத்திருந்ததில் ஒன்று நழுவிக் கடைசி வரிசைப் பலகையில் விழுந்தது.

அம்மாவின் கை திரும்பியது. தலையணையைத் தொட்டது, பற்றியது, பலகையோடு சேர்த்து அழுத்தியது. உள்ளங்கையின் அடிப்பகுதி ஊன்றி, ஐந்து விரலும் விரிந்து, உள்ளே கம்பிகள் முனகும் அளவுக்கு அழுத்தியது.

"பார்றா! சப்பாத்தி மாவு பெசையுது" என்று சிரித்தார் ஜோதிபாசு.

மாவு பிசைகிற கை முன்னும் பின்னும் போகும். இந்தக் கை போகவில்லை. ஒரே இடத்தில், ஒரே கனத்தில், காத்திருந்தது. கீழே ஒரு முகம் இருந்தால் அது எதற்கான காத்திருப்பு என்று யாருக்கும் புரிந்துவிடும். தாட்சாயணி ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தலையணையை வெடுக்கென்று பிடுங்கி எடுத்தாள். கை கொஞ்ச நேரம் வெறும் பலகையைத் துழாவிவிட்டு அடங்கியது.

"என்ன ஆச்சு தாட்சா?" என்று கேட்டாள் நசீமா.

"ஒண்ணுமில்ல. எல்லாரும் கொஞ்சம் வெளியே போங்களேன்."

தனியாக உட்கார்ந்தபோது அவள் மனதில் முதலில் வந்தது திகிலும் இல்லை, துக்கமும் இல்லை. நான் இல்லை! அவ்வளவுதான். நான் இல்லை, நான் இல்லை என்று நெஞ்சு குதித்தது. அது அடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. அதற்கும் பிறகுதான் கோபம். பெற்ற பெண்ணின் தலையில் இதைக் கட்டிவிட்டு எப்படி உன்னால் சாப்பிட முடிந்தது, தூங்க முடிந்தது, அம்மா?

தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். "அப்பா எப்படிப் போனார்னு தெரிஞ்சுபோச்சு. அம்மா கை என்கிட்ட இருக்கு. காலைல ராயபுரம் வந்து பாரு. அப்புறம் நீ பேசவே வேண்டாம்."

அவன் வந்தான்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே கூடத்தின் வாசலில் நின்றான். இடது கையில் ஒரு மஞ்சள் பை, வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள். நாற்பது வயதுக்குள் முன்னந்தலை முழுக்க வழுக்கை. அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு மூடியிருந்தான். சுவரைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"இதுல எது?"

காட்டினாள்.

"பெத்தவ கைய ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்கே. ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டப் போறே. வெக்கமா இல்ல?"

"ஐஸ் பெட்டிக்காரன் சாக்குல போட்டப்போ நீ பார்த்துக்கிட்டுத்தானேடா நின்னே?"

தாட்சாயணி தலையணையை எடுத்துப் பலகையில் வைத்தாள். கை திரும்பியது. பற்றியது. அழுத்தியது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போதும். எடு."

"நல்லா பாத்துக்கோ. ஒன்பது வருஷம் என்னைக் கொலைகாரின்னே."

"நான் அந்த வார்த்தை சொல்லலை."

"வீட்டு வாசல்ல நிக்க வெச்சுக் கதவைச் சாத்தினா அதுக்கு வேற என்னடா பேரு?" தலையணையை எடுக்கக் கை நீட்டினாள்.

"இரு" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் பிடியில் ஏதோ சரியில்லை. மனிதத் தோலின் பிசுபிசுப்பு இல்லை. "இரு. இது தப்பா இருக்கு. ஒரு தடவை செஞ்சதை இது எப்படிக் கத்துக்கும்?"

"என்ன சொல்றே?"

அவன் சட்டைக் கையை மேலே சுருட்டினான். மணிக்கட்டுக்கு மேல்வரை சாம்பல் நிறத் துணைக்கை.

"எனக்கும் நடுக்கம் வந்துடுச்சு. ரெண்டு வருஷமா. யாருக்கும் சொல்லலை. மாட்டிவிட்ட டெக்னீஷியன் முதல் நாளே சொன்னான், மாசக்கணக்குல திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் சார் படியும், படிஞ்சதுன்னா போகாதுன்னு. எனக்குக் கையெழுத்து ஒழுங்கா வரதுக்கே அரை வருஷம் ஆச்சு. சும்மா நாலு தடவை செஞ்சதெல்லாம் இதுல ஏறாது." அவன் அம்மாவின் கையைப் பார்த்தான். "ஒருத்தரை யாராவது மாசக்கணக்கா தினம் தினம் கொல்லுவாங்களா?"

அப்போதுதான் அது நடந்தது. இருவரும் பேசிக்கொண்டிருந்ததில் தலையணையை எடுக்க மறந்திருந்தார்கள். அழுத்திக்கொண்டிருந்த கை நடுங்கத் தொடங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு சட்டென்று தலையணையைக் கொத்தாகப் பற்றித் தூக்கி எறிந்தது. அது எதிர்ச்சுவரில் மோதி விழுந்தது. கை மறுபடி பலகைக்கு வந்தது. தலையணை இருந்த இடத்துக்குச் சற்று மேலே, காற்றில், யாருடைய நெற்றியிலோ கலைந்த முடியை ஒதுக்கியது. கன்னத்தைத் துடைத்தது. மறுகன்னத்தைத் துடைத்தது.

நேற்று அவள் பாதியில் பிடுங்கிவிட்டது எதை என்று தாட்சாயணிக்குப் புரிந்தது.

மறுபடி வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் அதே. அழுத்தல், நடுக்கம், எறிதல், கண்ணீர் துடைத்தல்.

"தினமும் அழுத்தியிருக்கா" என்றான் கந்தன் மெதுவாக. "தினமும் முடியாம எடுத்து எறிஞ்சிருக்கா."

"ஏன்டா? எதுக்கு இப்படி?"

கந்தன் மஞ்சள் பையைப் பிரித்தான். உள்ளே ஒரு கிழிந்த வேட்டியில் சுற்றிய பெரிய கை. "அப்பாவோடது. பீரோவுல வெச்சிருந்தேன். உன் செய்தி வந்த கோவத்துல, அம்மா ஏதாவது செஞ்சிருந்தா அப்பா கை சும்மா இருந்திருக்காது, மல்லுக்கு நின்னிருக்கும், அதைக் காட்டி உன்னைப் பொய்க்காரி ஆக்கணும்னு கொண்டுவந்தேன்."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். அப்பாவின் கை. தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலை அள்ளி நிரப்பினாள். குழாயைச் செருகி, அம்மாவின் கைக்குப் பக்கத்தில் சுவரில் பொருத்தி, தலையணையை அம்மாவின் கை தொடாதபடி பலகையில் சற்று முன்னால் வைத்தாள். சூடேறும்வரை காத்திருந்தார்கள். வெளியே மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அப்பாவின் கை முதலில் பக்கவாட்டில் ஊர்ந்தது. அம்மாவின் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. அதை இரண்டு முறை தட்டியது, உறங்குகிறவரை எழுப்புவதுபோல. அம்மாவின் கை விலகியது. மறுபடி தட்டியது. பிறகு மணிக்கட்டைப் பற்றித் தலையணையின் மேல் கொண்டுபோய் வைத்து, அதன் மேல் தன்னை வைத்து அழுத்தியது.

அம்மாவின் கை அழுத்தியது. நடுங்கியது. எறிந்தது. அப்பாவின் கை பலகையில் மல்லாந்து விழுந்து கிடந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி ஊர்ந்து வந்து, மணிக்கட்டைத் தேடித் தட்டியது.

கந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவர்தான் கேட்டிருக்கார்."

"ம்."

"அப்போ அன்னைக்கு மட்டும் அம்மா எறியாம விட்டிருக்கலாம்."

"இருக்கலாம். இல்ல, நான் ரெண்டு தடவை மருந்து கொடுத்திருக்கலாம். அன்னைக்கு நடந்தது ஒரு தடவைதானே. அதை எந்தக் கையும் சொல்லாதுன்னு நீயே சொல்லிட்டே." தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையை விட மோசமான சிரிப்பு. நேற்று ஒரு ராத்திரிக்கு மட்டும் விடுதலை கிடைத்திருந்தது. இப்போது பழையபடி அதே இடம்.

ஆனால் அவள் சிற்பி. புதிதாக ஒரு கை வந்தால் செய்வதைத்தான் அவளால் செய்ய முடிந்தது. தாம்பாளத்தை எடுத்து வந்தாள். சீப்புக்கு அப்பாவின் கை அசையவில்லை. கரண்டியை அரைகுறையாகப் பிடித்துக் கீழே போட்டது. திருநீற்றுக்கு மூன்று விரல் நீட்டியது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னலோரம் அவளுடைய மைப் பாட்டில் ஒன்று இருந்தது. கண்ணாடிப் பாட்டில், திருகு மூடி. கழுவித் துடைத்தாள்.

"அக்கா, வேணாம்" என்றான் கந்தன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததை அவனே கவனித்ததாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியணும்டா."

பலகையில், கைக்கு எட்டும் ஓரத்தில் வைத்தாள்.

அப்பாவின் கை நெடுநேரம் அசையாமல் இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று கவனிப்பதுபோல் இருந்தது. பிறகு இரண்டு விரல்கள் ஓசையில்லாமல் நடந்து போய்ப் பாட்டிலைத் தொட்டன. உருட்டாமல், தூக்காமல், பலகையோடு தேய்த்து இழுத்து உள்ளங்கைக்குக் கீழே மறைத்துக்கொண்டன. சுண்டுவிரலும் மோதிர விரலும் பாட்டிலைக் கவ்வ, கட்டைவிரல் மூடியைத் திருகியது. மூடி கழன்றது. அதைக் கீழே விடாமல் நடுவிரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு, கை மெல்ல மேலே எழுந்தது. வாய் இருக்க வேண்டிய உயரத்துக்கு வந்து நின்றது. சாய்த்தது. ஆனால் கவிழ்க்கவில்லை. அப்படியே இறங்கி, மூடியைத் திருகி இறுக்கி, பாட்டிலைத் தேய்த்துக்கொண்டே போய் எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிட்டுத் திரும்பியது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அதே வரிசை, அதே நிதானம். மூன்றாவது முறை இன்னும் வேகமாக.

கந்தன் வாயைப் பொத்திக்கொண்டான். "எஞ்சின்ல ஏர்றதுக்கு முந்தி வீட்டுல உட்கார்ந்து வெறுங்கையில ஒத்திகை பார்ப்பாரே. நெம்புகோலு, பிரேக்கு, ஹாரனு. கண்ணை மூடிக்கிட்டு..."

"அம்மாவால முடியலைன்னு தெரிஞ்சதும் தானே பழகியிருக்கார்." தாட்சாயணியின் குரல் யாருடையதோ போல ஒலித்தது. "நான் பக்கத்துல நாற்காலி போட்டுப் பேப்பர் படிச்சுக் காட்டிட்டிருப்பேன்டா. போர்வை அப்பப்போ லேசா அசையும். ஃபேன் காத்துன்னு நெனச்சுப்பேன்."

"மூடி இறுக்கமா இருந்தது. வெச்ச இடத்துலயே இருந்தது. அதனாலதான் நீதான்னு..." அவனால் முடிக்க முடியவில்லை.

"கடைசித் தடவையை இந்தக் கையும் சொல்லாது கந்தா."

"சொல்ல வேணாம். ஒத்திகை பார்த்துட்டு அப்பா வண்டியை எடுக்காம இருந்ததே இல்லை."

ஒன்பது வருடக் கனம் தோளிலிருந்து இறங்கும்போது லேசாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். வலித்தது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான்.

"எப்படித் தெரிஞ்சுக்கறது? பேசாம இருந்ததைக் கை கத்துக்காதே."

"யார் மேலயும் தப்பில்லக்கா."

"இல்லதான். அப்பா பாவம். அம்மா பாவம். நீயும் கண்ணால பார்த்ததைத்தான் நம்பினே. எல்லாரும் நல்லவங்க." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "அப்ப என் ஒன்பது வருஷத்தை நான் யார்கிட்டடா போய்க் கேக்கறது?"

கந்தன் எழுந்து நின்றான். வீட்டுக்கு வா என்று சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தாள். சொல்லவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இருநூறு வீடுகள். இருநூறு கட்டில்கள், சமையலறைகள், பூட்டிய அறைகள். எவரும் பார்க்காதபோது திரும்பத் திரும்பச் செய்தவை எல்லாம் அங்கே சூடாக நீட்டிக்கொண்டிருந்தன.

கந்தன் தன் வலது மணிக்கட்டின் கொக்கிகளை விடுவித்தான். துணைக்கையை உரித்து எடுத்தான். வெளியே வந்த கை தண்ணீரிலிருந்து எடுத்த மீன்போல் துள்ளியது.

"டேய், என்ன பண்றே?"

"நான் போனதுக்கப்புறம் இது என்னத்தைச் சொல்லும்னு எனக்குத் தெரியலை. புதுப்பேட்டைக்குப் போகக் கூடாது. உன் சுவத்துக்கும் வரக் கூடாது. நீயே உடைச்சிடு."

"நடுங்குமேடா."

"நடுங்கட்டும்."

துள்ளும் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வெயிலில் நடந்து போனான். பாக்கெட் துடித்துக்கொண்டே போனது.

நசீமா வந்தபோது கடைசி வரிசையின் ஓரம் காலியாக இருந்தது. பலகைகளில் ஒரு பொருளும் இல்லை. சீப்பு, கரண்டி, வெற்றிலை எல்லாவற்றையும் தாட்சாயணி ஒரு கோணிப்பையில் கட்டி மூலையில் வைத்திருந்தாள்.

"இது என்ன கூத்து? சாயங்காலம் மந்திரி வரார்!"

"வரட்டும். யாரும் எந்தப் பொருளையும் கொடுக்கக் கூடாது. வேணும்னா கன்னத்தைக் கொடுக்கட்டும், தலையைக் கொடுக்கட்டும். அவ்ளோதான்."

"அறையற கை இருக்கே?"

"மந்திரிக்கு அது எட்டாது. பயப்படாதே."

நசீமா திட்டிக்கொண்டே நாற்காலி போடுபவர்களைக் கவனிக்கப் போனாள். தாட்சாயணி பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேசையில் சுத்தியல். அதன் பக்கத்தில் தம்பியின் கை, உரித்துப் போட்டபடி சுருண்டு கிடந்தது.

சுத்தியலை எடுத்தாள். கீழே வைத்தாள். உடைப்பதாகத்தான் இருந்தாள். ஆனால் எதற்கு அசையும் என்று தெரிந்துகொள்ளாமல் எந்தக் கையையும் அவள் விட்டதில்லை. மணலை அள்ளி நிரப்பினாள். குழாயைச் செருகினாள். சூடேறியது.

மூலையில் கட்டிவைத்ததை மறுபடி பிரிக்க மனம் வரவில்லை. மேசையில் கூடத்தின் போன்தான் இருந்தது. எண் பலகையைத் திறந்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

கை போனைச் சரியாகப் பற்றிக்கொண்டது. கட்டைவிரல் எழுந்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தியது. நிதானமாக, பிசகில்லாமல், பத்து எண்கள். அழைக்கும் பொத்தானைத் தொட்டது. உடனே துண்டித்தது.

தாட்சாயணியின் இடுப்பில் செருகியிருந்த போன் ஒரு முறை அதிர்ந்து நின்றது.

அவள் அசையாமல் நின்றாள். ரப்பர்க் கட்டைவிரல் மறுபடி எழுந்தது. பத்து எண்கள். அழைப்பு. துண்டிப்பு. இடுப்பில் அரை நொடி அதிர்வு. இப்படி எண்ணை மறைத்துக்கொண்டு பாதி ஒலித்ததும் அறுந்துபோகும் அழைப்புகள் எத்தனை காலமாக வந்துகொண்டிருந்தன! கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனிக்காரர்கள் என்று சலித்துக்கொள்வாள்.

மாசக்கணக்குல திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் படியும்.

மறுபடி பத்து எண்கள். தாட்சாயணி போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் அழைக்கும் பொத்தானுக்கு நகர்ந்தது. போன் அதிர்ந்த அதே கணத்தில், அது துண்டிப்பதற்குள், எடுத்துவிட்டாள்.

"கந்தா" என்றாள்.

மேசையிலிருந்து அவள் குரலே "கந்தா" என்றது.

கட்டைவிரல் துண்டிக்கும் பொத்தானுக்கு மேலே, காற்றில், நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை. எடுத்துப் பேசினால் என்ன செய்வது என்று அது ஒருநாளும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.